ஒலிநாடா காத்த செல்வம்

திருவிழாவுக்கு வந்து கூடியிருக்கும் அன்பர்களுள் பலருடைய இல்லங்களில், பரண்மீதோ பீரோவின் அடித்தட்டிலோ, பழைய ஒலிநாடாச் சுருள்களும் காசெட்டுகளும் சில கிடத்தல் கூடும். தந்தையாரோ தமையனாரோ வானொலிப் பெட்டியின் அருகே டேப் ரிகார்டரை வைத்துப் பதிவு செய்தவை அவை. இன்று அவற்றை ஓட்டிக் கேட்கக் கருவி இல்லை; மேலே எழுதிய எழுத்தும் மங்கிவிட்டது. வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும், "இவற்றை இன்னும் ஏன் வைத்திருக்க வேண்டும்?" என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், பிரிட்டன் நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை அறிந்துகொள்வது நலம். அங்கே, ஒலிபரப்பு நிலையத்தார் தாமே அழித்துவிட்ட நிகழ்ச்சிகள் பலவற்றைச் சாதாரண இல்லங்களில் கிடந்த நாடாக்கள் காத்துக் கொடுத்தன. அழிவு நேர்ந்தது எவ்வாறு, மீட்பு நிகழ்ந்தது எவ்வாறு, அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் யாது என்பவற்றை ஈண்டு முறையாக நோக்குவோம்.

1. நிலையத்தார் அழித்த வகை

தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேராகவே ஒளிபரப்பாயின. நடித்து முடிந்ததும் நாடகம் காற்றோடு போயிற்று. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பதியும் காந்த நாடாக் கருவியை வெளியிட்டது. அந்நாடா இரண்டு அங்குல அகலமுடையது. விலையும் மிக அதிகம். ஆயினும் அதற்கு ஒரு வசதி உண்டு. முன்னர்ப் பதிந்ததை அழித்துவிட்டு அதன்மேல் மீண்டும் பதியலாம். இவ்வசதியே பின்னர்க் கேடாக முடிந்தது.

பி.பி.சி. நிறுவனத்தார் தம் நாடாக்களை அழித்ததற்கு முக்கியமான காரணங்கள் மூன்று. முதலாவது, நாடாவின் விலை. இரண்டாவது, நடிகர், இசைவாணர் ஆகியோரின் சங்கங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்புவதற்கு அவ்வொப்பந்தம் வரம்பு விதித்திருந்தமையால், ஒளிபரப்ப இயலாததை வைத்திருப்பானேன் என்று கருதினர். மூன்றாவது, வண்ணத்தின் வருகை. 1967-இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையிலும் 1969-இல் முதல் அலைவரிசையிலும் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. அதன்பின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பில்லை என்று எண்ணினர். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காகப் பிலிமில் எடுத்த படிகளையும், விற்பனைக் காலம் முடிந்ததும் எறிந்தனர். 1978-ஐ ஒட்டியே இவ்வழிவு நின்று, முறையான காப்பகக் கொள்கை வகுக்கப்பட்டது.

1963 நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய "டாக்டர் ஹூ" என்னும் தொடரே இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. காலத்தைக் கடந்து உலவும் ஒரு பயணியைப் பற்றிய கற்பனைக் கதை அது. முதல் ஆறு ஆண்டுகளில், வில்லியம் ஹார்ட்னெல், பேட்ரிக் ட்ரௌட்டன் ஆகிய இரு நடிகர்களைத் தலைமையாகக் கொண்டு 253 அத்தியாயங்கள் வெளிவந்தன. பின்னாளில் பல நாடுகளிலும் தேடி, விற்ற படிகள் சிலவற்றை மீட்டனர். 2013-ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீண்டன என்ற செய்தி வெளியானபோதும் 97 அத்தியாயங்கள் கிடைக்காமலே இருந்தன.

1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் முதன்முதலாகக் கால்வைத்த இரவைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். இரவு முழுவதும் விழித்திருந்து பி.பி.சி. தன் அரங்கிலிருந்து வழங்கிய நிகழ்ச்சியின் மூல நாடாக்கள் இன்று இல்லை. மனித குலத்தின் பெருநிகழ்ச்சியைப் பற்றிய ஒளிபரப்பும் தப்பவில்லை என்றால், நகைச்சுவை நாடகங்களின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

2. கேட்டவர் காத்த வகை

இப்படிப் படம் அழிந்த அந்த 97 அத்தியாயங்களுள் ஒன்றன் ஒலியேனும் அழியவில்லை. வியப்பிற்குரிய செய்தி இதுவே. தொடக்கம் முதல் முடிவு வரை அத்தனையும் ஒலிவடிவில் இன்று உள்ளன. காத்தவர் நிலையத்தார் அல்லர், வீட்டிலிருந்து கேட்டவர்கள். சந்திரப் பயணத்து இரவிலும், நிலையத்தில் இல்லாத உரையாடல்களின் பகுதிகள் இல்லங்களில் பதிந்த நாடாக்களிலேயே எஞ்சியுள்ளன.

அக்காலத்தில் இல்லத்தில் படத்தைப் பதியும் கருவி கிடையாது. பீட்டாமாக்ஸ் என்னும் வீடியோ முறை 1975-இலும், வி.எச்.எஸ். முறை 1976-இலும்தான் வந்தன. ஆனால் ஒலியைப் பதியும் சுருள் கருவிகள் 1950-களிலேயே பல இல்லங்களில் இருந்தன. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சி மறுமுறை வரும் என்னும் உறுதி இல்லாதிருந்தமையால், அதை மீண்டும் அனுபவிக்க விரும்பியோர் ஒலியையாவது பிடித்து வைத்தனர். இவர்களுள் பலர் பள்ளி மாணவர்களும் இளைஞர்களும் ஆவர்.

பெரும்பாலோர் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கை வைத்துப் பதிந்தனர். அந்த அரைமணி நேரமும் வீட்டார் வாய்திறவாதிருக்க வேண்டும். ஆயினும் இருமல் வரும்; கதவு சாத்தப்படும்; தெருவில் வண்டி செல்லும். சிலர் பெட்டியின் உள்ளிருந்தே கம்பி இணைத்துக் கருவிக்கு நேராக ஒலியைக் கொண்டுவந்தனர். அவர்களுடைய பதிவுகள் நிலையத்துப் பதிவோடு ஒப்பிடத்தக்க தெளிவுடையவை. இப்பணிக்கு ஊதியம் இல்லை. பிற்காலத்தில் இவை பயன்படும் என்னும் எண்ணமும் அவர்களுக்கு இருந்ததில்லை. விரும்பியதை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

வானொலியிலும் இதே நிலைதான். 1951-இல் தொடங்கிய "கூன் ஷோ" என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் தொடக்கக் காலத்தவற்றுள் பெரும்பாலானவை காப்பகத்தில் இல்லாமற் போயின. ஆகவே 2001-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனமே பொதுமக்களை நோக்கி, "உங்களிடம் பழைய பதிவுகள் இருப்பின் தெரிவியுங்கள்" என்று வேண்டுகோள் விடுத்தது. எறிந்தவரே, எறியாதவரிடம் சென்று கேட்க நேர்ந்தது.

3. நாடாவின் இயல்பு

மீட்கும் முறையை அறிவதற்கு முன், நாடா என்பது யாதென அறிதல் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல், இரும்பு ஆக்ஸைடுத் துகள்களைப் பசையில் கலந்து பூசியிருப்பார்கள். அத்துகள்கள் ஏற்ற காந்த நிலையே ஒலியின் வடிவம். ஆதலால் நாடாவுக்கு மூன்று உறுப்புகள் உண்டு: பட்டை, பசை, துகள். துகளின் காந்த நிலை நெடுங்காலம் நிற்கும். முதலில் கெடுவன பட்டையும் பசையுமே.

பழைய சுருள்களுள் அஸிடேட் பட்டை கொண்டவையும் பாலியஸ்டர் பட்டை கொண்டவையும் உண்டு. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரிவது அஸிடேட், தெரியாதது பாலியஸ்டர். அஸிடேட் முதுமையில் வறண்டு முறியும். புளித்த காடியின் வாடை வீசும். ஆனால் அது நீளாமல் ஒடிவதால், ஒடிந்த இடத்தை ஒட்டிவிட்டால் ஒலி குறைவதில்லை. பாலியஸ்டர் எளிதில் ஒடியாது, இழுத்தால் நீண்டுவிடும், நீண்ட இடத்து ஒலியை மீட்பது அரிது.

1970-களின் நடுவிலிருந்து 1980-கள் வரை செய்யப்பட்ட நாடாக்கள் சிலவற்றில், பசையானது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அதை அப்படியே ஓட்டினால் கீச்சென்ற ஒலி எழும், துகளும் உதிரும், உதிர்ந்த துகளோடு ஒலியும் போய்விடும். இத்தகைய நாடாவை ஆய்வுக்கூட அடுப்பில் ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரம் போக்குவர். சில வாரங்களுக்கு அது ஓட்டத்தக்கதாகும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். இம்முறை அஸிடேட் நாடாவுக்கு ஆகாது. ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாகும். வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கத்தக்கதும் அன்று.

நெடுநாள் ஓட்டாமல் வைத்த சுருளில் மற்றொரு குற்றமும் தோன்றும். ஒரு சுற்றின் காந்த நிலை அடுத்த சுற்றில் சிறிதே பதிந்துவிடும். ஆகவே ஒருவர் பேசத் தொடங்குமுன்னரே அப்பேச்சின் நிழல் மெல்லக் கேட்கும்.

4. ஒலியை மீட்கும் முறை

முதற்பணி, நாடாவுக்கு ஏற்ற கருவியைத் தேர்தல். வீட்டுச் சுருள்கள் வினாடிக்கு 19, 9.5, 4.75 சென்டிமீட்டர் என்னும் வேகங்களுள் ஒன்றில் ஓடும். நாடாவின் அகலத்தை இரண்டு தடமாகவோ நான்கு தடமாகவோ பகிர்ந்து பதிந்திருப்பர். பதிந்தபோது கருவியின் காந்தத் தலை எக்கோணத்தில் நின்றதோ, அக்கோணத்திலேயே ஓட்டும் கருவியின் தலையையும் திருப்பி நிறுத்த வேண்டும். கோணம் சிறிது பிசகினாலும் மேல்ஸ்தாயி மழுங்கிப் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகும். மங்கிய நாடா என்று பலர் கைவிட்டவை, தலையைத் திருத்தியதும் தெளிந்ததுண்டு. ஆகவே இப்பணியைப் படியெடுக்குமுன் செய்தல் வேண்டும். கோணம் பிசகி எடுத்த படியைப் பின்னர் எக்கருவியாலும் முற்றும் சீராக்க இயலாது.

இரண்டாவது, வேகத்தைத் திருத்துதல். வேகம் மாறினால் சுருதி மாறும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் ஏறத்தாழ அரை ஸ்வரம் ஏறிவிடும். நடிகரின் குரலே வேறாகிவிடும். சரியான சுருதியை எவ்வாறு அறிவது? இங்கேதான் குற்றம் குணமாகிறது. பிரிட்டனின் மின்சாரம் வினாடிக்கு 50 அதிர்வுடையது. பல பதிவுகளில் அதன் இரைச்சல் அடியில் மெல்லப் பதிந்திருக்கும். அவ்விரைச்சல் 53 அதிர்வாகக் கேட்டால், நாடா ஆறு பங்கு விரைந்து ஓடுகிறது என்று தெளியலாம். கேட்போர் வெறுக்கும் இரைச்சலே சுருதிப் பெட்டியாக உதவுகிறது.

மற்றோர் அடையாளமும் உண்டு. அக்காலத்து பி.பி.சி. முதல் அலைவரிசை 405 கோடுகளால் படத்தை வரைந்தது. வினாடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்கினால் 10,125 வரும். தொலைக்காட்சிப் பெட்டி வினாடிக்கு அத்தனை அதிர்வுடைய மெல்லிய சீழ்க்கையை எழுப்பிக்கொண்டே இருக்கும். நல்ல நாடாவில் அதுவும் பதிந்துவிடும். அதைக் கொண்டு வேகத்தை நுணுக்கமாகத் திருத்தலாம். அந்நாடா வானொலியிலிருந்து பதிந்ததன்று, தொலைக்காட்சியிலிருந்து பதிந்தது என்றும் துணியலாம்.

மூன்றாவது, ஒப்பு நோக்குதல். ஓர் அத்தியாயத்துக்கு இருவர் மூவர் செய்த பதிவுகள் கிடைப்பதுண்டு. ஒன்றில் தொடக்கம் குறைந்திருக்கும். மற்றொன்றில் நடுவே இருமல் இருக்கும். வேறொன்றில் சுருள் தீர்ந்து முடிவு விட்டுப்போயிருக்கும். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் பல படிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் நோக்கி மூலத்தை நிறுவுவர் அன்றோ? அவ்வாறே இவற்றுள் தெளிந்த பகுதிகளைத் தேர்ந்து இணைப்பர். இசையமைப்பாளரும் ஒலிப்பொறியாளருமான மார்க் ஏயர்ஸ் "டாக்டர் ஹூ" தொடருக்கு இப்பணியைப் பல ஆண்டுகள் செய்தவர். இரண்டு கருவிகள் ஒருபோதும் ஒரே சீராக ஓடுவதில்லை. ஆதலால் ஒவ்வொரு பகுதியையும் சிறிது நீட்டியும் சுருக்கியும் பொருத்த வேண்டும். பொறுமையே இதற்கு முதற்கருவி.

5. ஒலியிலிருந்து உருவம்

ஒலி மட்டும் கிடைத்தால் பயன் என்ன என்று சிலர் வினவலாம். கதையின் நிரல், நடிகரின் குரல், இசை, இடைவெளிகள் யாவும் ஒலியில் உள்ளன. அது முதுகெலும்பு போன்றது. மற்றவற்றை அதன்மேல் பொருத்தலாம்.

லண்டனில் ஜான் க்யூரா என்பவர் இருந்தார். தொலைக்காட்சித் திரையையே காமிராவால் படமெடுத்து, நடிகர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் விற்பது அவர் தொழில். ஓர் அத்தியாயத்துக்கு அறுபது எழுபது நிழற்படங்கள் எடுப்பார். அவர் 1969-இல் மறைந்தார். பின்னர் நிகழ்ச்சிகள் அழிந்தபோது, அப்படங்களே கண்ணாயின. இல்லத்து நாடாக்கள் செவியாயின. இரண்டையும் சேர்த்து அழிந்த அத்தியாயங்களை ஒருவாறு கண்டு கேட்க இயன்றது.

ஆஸ்திரேலியாவில் தணிக்கையாளர்கள், குழந்தைகளுக்கு அச்சம் தருமென்று சில காட்சிகளைப் பிலிமிலிருந்து வெட்டி வைத்திருந்தனர். முழுப்படம் அழிந்துவிட, வெட்டிய துண்டுகள் அந்நாட்டு அரசு ஆவணக் காப்பகத்தில் 1996-இல் கண்டெடுக்கப்பட்டன. அவை அமர வேண்டிய இடத்தைக் காட்டித் தந்ததும் ஒலிப்பதிவே.

சித்திரப்படமாக வரைந்து சேர்க்கும் முறையும் பின்னர் வந்தது. எட்டு அத்தியாயமுள்ள ஒரு கதையில் இல்லாத இரண்டை, 2006-ஆம் ஆண்டில் காஸ்க்ரோவ் ஹால் நிறுவனத்தார் பழைய ஒலியின்மேல் வரைந்து அளித்தனர். 1966 நவம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய ஆறு அத்தியாயக் கதை ஒன்று, முழுமையும் இவ்வாறு வரையப்பெற்று, சரியாக 50 ஆண்டு கழித்து 2016 நவம்பர் 5-ஆம் நாள் வெளியாயிற்று. பேட்ரிக் ட்ரௌட்டன் அத்தொடரில் தலைமை ஏற்று நடித்த முதற்கதை அது. அவர் 1987-இல் காலமானார். அக்கதையின் ஓர் அத்தியாயமேனும் முழுப்படமாகக் கிட்டாத நிலையில், அவர் முதன்முதல் அப்பாத்திரத்தில் பேசிய பேச்சு நம் செவிக்கு எட்டுவது, யாரோ ஓர் இல்லத்தில் சுழன்ற நாடாவினால்தான்.

6. மீட்போர் மீறலாகாத வரம்பு

இக்காலக் கணிப்பொறிகள் இரைச்சலை நீக்கவும், இல்லாத ஒலியைச் செயற்கையாக நிரப்பவும் வல்லவை. ஆற்றல் மிகும்போது அடக்கமும் மிகுதல் வேண்டும். இரைச்சலை அளவு மீறி நீக்கினால் மூச்சும் மெல்லெழுத்தும் உடன் போய்விடும், குரல் உயிரற்றதாகும். ஆகவே தேர்ந்தவர்கள் இரண்டு படிகள் வைப்பர். ஒன்று, நாடாவில் உள்ளது உள்ளவாறே, இருமலும் இரைச்சலுமாக, உயர்ந்த தரத்தில் எடுத்த மூலப்படி. இதில் யாரும் கைவைத்தலாகாது. மற்றொன்று, கேட்போருக்காகச் செப்பனிட்ட படி. எங்கே ஒட்டினோம், எதை வேறு பதிவிலிருந்து எடுத்தோம் என்று எழுதிவைப்பதும் அவர்கள் கடமை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மீட்பு ஆகாது.

7. நாம் செய்யத்தக்கவை

நம் இல்லங்களில் உள்ள நாடாக்களுக்கும் இவ்வறிவு பொருந்தும். வானொலியில் ஒருமுறை ஒலித்த கச்சேரியோ, சொற்பொழிவோ, நாடகமோ நிலையத்தில் இன்றும் இருக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்ளுதல் தவறு. நம்மிடமுள்ளதே எஞ்சிய ஒரே படியாகவும் இருக்கலாம். ஆதலின் அன்பர்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்வாராக.

பழைய நாடாவை ஆவலால் உடனே ஓட்டிப் பார்த்தல் ஆகாது. வெண்பூஞ்சை, பிசுபிசுப்பு, காடி வாடை உள்ளனவா என்று முதலில் நோக்குக. இருப்பின், பழகியவரிடம் கொடுப்பதே முறை.

காசெட்டின் முதுகுப்புறத்தில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் ஒடித்துவிட்டால், தவறிக் கைபட்டும் அதன்மேல் வேறொன்று பதியாது.

வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒலிபெருக்கி முதலிய காந்தப் பொருள்களுக்கு அப்பால், நூல்களை அடுக்குவது போல் நிறுத்தி வைத்தல் நன்று. பரண் ஏற்ற இடமன்று. கோடையில் அங்கே வெப்பம் மிகும்.

படியெடுத்தபின் இரு வேறு இடங்களில் இரு படிகள் வைக்க வேண்டும். படியெடுத்துவிட்டோம் என்று மூல நாடாவை எறிதல் கூடாது. இன்று எடுத்ததினும் தெளிந்த படியை நாளை ஒருவர் எடுக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விவரம் எழுதிவைத்தல். எந்நாளில், எந்நிலையத்திலிருந்து, யார் பதிந்தது, பேசுவோர் யாவர் என்பவற்றை அறிந்த பெரியோர் இன்னும் இல்லத்தில் இருப்பின், அவர்களிடம் இன்றே கேட்டு எழுதுக. நாடாவைக் கருவி கொண்டு மீட்கலாம்; அவர்கள் நினைவில் மட்டும் உள்ள விவரத்தை மீட்க எக்கருவியும் இல்லை.

பிரிட்டனில் அந்த இளைஞர்கள் செய்தது அரும்பெரும் செயல் என்று அன்று யாரும் சொல்லவில்லை. வீட்டாரை அரைமணி நேரம் பேசாதிருக்கச் சொன்னதும், பதிந்த சுருளை எறியாமல் வைத்ததுமே அவர்கள் செய்தவை. உரிமையாளர் இழந்ததை அச்சிறு செயல்கள் காத்தன. திருவிழா முடிந்து இல்லம் திரும்பும் அன்பர்கள், பரண்மீதுள்ள அந்தப் பெட்டியை ஒருமுறை இறக்கித் தூசி தட்டிப் பார்ப்பாராக. மேலே எழுதியிருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லக்கூடியவர் அருகில் இருக்கும்போதே அதைச் செய்வது நலம்.